டிக் என்று சத்தம் கேட்டால் ரிலே நல்லது என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் கரண்ட் கோளாறுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 25 வருடம் தாண்டிய காரில் இந்த மாதிரிக் கோளாறு வந்தால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், ரிலே (சின்னக் கரண்டைக் கொண்டு பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக மாற்றிவிடுங்கள், அதற்கும் சரியாகவில்லை என்றால் ஒயரிங்கையே மாற்றுங்கள் என்று அதில் இருந்தது. எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அளக்காமல் மாற்றிப் பார்க்கும் அந்த வழியிலேயே போய் இரண்டு வருடம் அலைந்தவன் நான், அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 1980-களில் செய்த இரண்டு கதவு கார். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன், சுவிட்சைப் போட்டால் எழுந்து நிற்கும் ஹெட்லைட். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நான் சொல்லப்போவது இத்தனை வருடம் சூட்டிலும் அதிர்விலும் கிடந்த எந்த வண்டிக்கும் வரக்கூடியது. அதற்கு வந்த வியாதி இது: காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். அரைமணி நேரம் அருமையாக ஓடும். அப்புறம் ஒரு திணறல்கூட இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி இன்ஜின் நின்றுவிடும். செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும்.

காட்டிய இடத்தில் முதலில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். இரண்டு வாரம் தொந்தரவு இல்லை, மூன்றாவது வாரம் நடுரோட்டில் நின்றது. அடுத்து இக்னிஷன் காயில். அடுத்து, இருப்பதிலேயே விலை அதிகமான கண்ட்ரோல் யூனிட், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். கழற்றிய மூன்றையும் வாங்கி வைத்திருக்கிறேன், பிறகு சோதித்துப் பார்த்ததில் மூன்றுமே நன்றாக இருந்தன. ரிலேயாக இருக்குமோ என்று நான் கேட்டதற்கு அங்கே கிடைத்த பதில்: "அதெல்லாம் டிக்குனு சத்தம் வருதே சார், ரிலே நல்லாத்தான் இருக்கு." இந்தக் கடிதம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான்.

ரிலே என்பது தீப்பெட்டி அளவு டப்பாவுக்குள் இருக்கும் இரண்டு தனித்தனிச் சமாச்சாரங்கள். ஒன்று காயில், அதாவது கம்பிச் சுருள். சாவியோ, சுவிட்சோ, கண்ட்ரோல் யூனிட்டோ அதற்குக் கொஞ்சம் கரண்ட் கொடுத்தால் அது காந்தமாகி ஒரு சிறிய தகட்டை இழுக்கும். 12 வோல்ட் ரிலேயின் காயில் சுமார் 80 ஓம் இருக்கும், அதில் ஓடுவது 0.15 ஆம்பியர், அவ்வளவுதான். இன்னொன்று அந்தத் தகடு போய் ஒட்டும் பாயிண்ட். பெட்ரோல் பம்புக்கோ ஹெட்லைட்டுக்கோ போகிற பெரிய கரண்ட் இந்தப் பாயிண்ட் வழியாகத்தான் போகிறது. நமக்குக் கேட்கும் டிக் சத்தம் தகடு இழுபடும் சத்தம். காயில் பிழைத்திருக்கிறது என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. பாயிண்டில் கரி பிடித்திருக்கலாம், தீப்பொறி பட்டுக் குழி விழுந்திருக்கலாம், பாயிண்டிலிருந்து வெளியே வரும் காலின் ஈயப்பற்று விட்டிருக்கலாம். அப்போதும் டிக் என்று ஜோராகக் கேட்கும், மறுபக்கம் கரண்ட் வராது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் மல்டிமீட்டரோடு போய் நின்றேன். "மீட்டரை ஓரமா வை தம்பி, முதல்ல பல்பைப் போட்டுப் பாரு" என்றார். அவர் கையில் இருந்தது பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று, இரண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்தது. அதுதான் அவருடைய முக்கியமான கருவி. வண்டியை அரைமணி நேரம் ஓட்டி, அது வழக்கம்போல நின்றதும் அவர் செய்தது இரண்டே காரியம். பம்ப் ரிலேயைப் பிடுங்கினார், அந்த இடத்தில் 30-க்கும் (பேட்டரி கரண்ட் உள்ளே வரும் கால்) 87-க்கும் (பம்புக்குக் கரண்ட் வெளியே போகும் கால்) நடுவே 15 ஆம்பியர் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டு ஒயரைச் சொருகினார். பின்பக்கம் பம்ப் உறுமுகிற சத்தம் கேட்டது. ஆக பம்ப், அதன் ஒயர், அதன் எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி), பேட்டரியிலிருந்து வரும் கரண்ட் எல்லாம் சரி. அப்புறம் ரிலேயைத் திரும்பச் சொருகி, 87-ஆம் கால் அடிவழியாக டெஸ்ட் லேம்பை (ஒரு பக்கம் கிளிப், மறுபக்கம் கூர்முனை உள்ள சின்ன பல்பு) தொட்டுக்கொண்டு என்னை செல்ஃப் அடிக்கச் சொன்னார். டிக் என்று கேட்டது. லேம்ப் எரியவில்லை. மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, நான் இரண்டு வருடம் தேடியது.

ரிலேயை வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தேன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி, மெல்லிய ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் மூடி கழன்று வந்துவிடும். உள்ளே சின்னதாக ஒரு சர்க்யூட் அட்டை. வெறும் கண்ணுக்கு எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: 87-ஆம் கால் அட்டையைத் துளைத்து வருகிற இடத்தில், ஈயத்தின் நடுவே, காலைச் சுற்றி முடி அகலத்தில் கருப்பாக ஒரு வளையம். பல் குத்தும் குச்சியால் காலைத் தள்ளினால் ஈயம் அசையாமல் நிற்க, கால் மட்டும் ஆடியது. ஆறியிருக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பம்பின் கரண்ட் ஓடி, டேஷ்போர்டுக்கு அடியில் சூடேறி, உலோகம் விரிந்ததும் விலகிவிடும். இருபது நிமிடம் ஆறினால் மறுபடி ஒட்டும். என்னுடைய "மர்மம்" முழுவதும் அந்த வளையத்துக்குள் இருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன், சரியாகிவிட்டது.

இது எனக்கு மட்டும் வந்த அதிசயமும் இல்லை. 1982 முதல் 1991 வரை வந்த போர்ஷே 944 வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ட்ரோல் யூனிட்டுக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுக்கும் டிஎம்இ ரிலே கூடுதலாக ஒன்றை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். வண்டி நின்றால் அவர்கள் சந்தேகப்படும் முதல் ஆள் அதுதான்.

அப்படியானால் கட்டுரையில் சொன்னதுதானே சரி, ரிலேயை மாற்றியிருந்தால் முதல் நாளே தீர்ந்திருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, நாலு நாள் விடாமல் மழை பெய்த பிறகு, அதே வியாதி திரும்ப வந்தது. அச்சு அசல் அதே அறிகுறி: செல்ஃப் சுற்றுகிறது, பம்ப் ஓடவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சரியாகிறது. நானும் பற்று மறுபடி விட்டுவிட்டது என்றே நினைத்துப் புத்தம் புது ரிலே வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. இந்த முறை ரிலேக்கு உயிர் கொடுக்க வேண்டிய இடத்திலிருந்து கட்டளையே வரவில்லை. கண்ட்ரோல் யூனிட்டின் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது பேட்டரி தட்டுக்குப் பக்கத்தில், பாடியில் ஒரு போல்ட்டில் முடிந்தது. போல்ட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. வளைய டெர்மினலுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு. மீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன், 2 ஓம் சொச்சம் காட்டியது. பூஜ்யத்துக்குப் பக்கம்தானே என்று விட்டுவிடத் தோன்றும். பெரியவர் சொன்னபடி ஹெட்லைட் பல்பின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையை அந்த எர்த் ஒயரிலும் கொடுத்தேன். பல்பு எரியவில்லை, தணல் மாதிரிச் சிவந்தது. அப்போது வோல்ட்டில் வைத்து, எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளந்தால் கிட்டத்தட்ட 7 வோல்ட். பூஜ்யமாக இருக்க வேண்டிய இடத்தில் 7 வோல்ட்! 12 வோல்ட்டில் பாதிக்கு மேல் அந்தக் களிம்பு தின்றுகொண்டிருந்தால் கண்ட்ரோல் யூனிட் எப்படி விழித்திருக்கும்? உப்புத்தாள் போட்டு உலோகம் மின்னும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இன்று வரை நிற்கவில்லை.

ஒரே அறிகுறி, இரண்டு வேறு வேறு காரணம். இதனால்தான் மாற்றிப் பார்ப்பதை விட அளந்து பார்ப்பது மேல் என்று சொல்கிறேன்.

அளப்பது பெரிய வித்தையும் இல்லை. ரிலேயின் கால்களில் இருக்கும் எண்கள் டிஐஎன் 72552 என்ற ஜெர்மன் தரத்திலிருந்து வந்தவை, ஐரோப்பியக் கார்கள் பெரும்பாலானவற்றிலும் வெளியே விற்கும் பொது ரிலேக்களிலும் இதே எண்கள்தான். ரிலேயைப் பிடுங்கிவிட்டு சாக்கெட்டிலேயே நாலு கேள்வி கேட்கலாம். 30-ல் பேட்டரி கரண்ட் நேராக வருகிறதா? டெஸ்ட் லேம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை அங்கே தொட்டால் எரிய வேண்டும் (சில வண்டிகளில் சாவி போட்ட பிறகுதான் எரியும்). 86-ல், காயிலுக்கு வர வேண்டிய கரண்ட் வருகிறதா? 85-ல் எர்த் கிடைக்கிறதா? இதற்கு மட்டும் கிளிப்பைப் பேட்டரி பிளஸ்ஸில் மாட்டித் தொட வேண்டும். கடைசியாக 30-ஐயும் 87-ஐயும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தால் பம்போ லைட்டோ வேலை செய்கிறதா? நாலுக்கும் ஆமாம் என்று பதில் வந்தால் கோளாறு ரிலேயில். ஏதாவது ஒன்றுக்கு இல்லை என்றால் அந்தக் காலின் ஒயரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், அப்போது ரிலேயை மாற்றி ஒரு பிரயோஜனமும் கிடையாது. சில வண்டிகளில் 85-ம் 86-ம் இடம் மாறி வேலை செய்யும், வண்டியின் ஒயரிங் படத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

பம்ப் ரிலேயில் ஒரு நுணுக்கம் உண்டு. இன்ஜெக்‌ஷன் கார் பலவற்றில் இன்ஜின் சுற்றினால்தான் கண்ட்ரோல் யூனிட் 85-க்கு எர்த் கொடுக்கும். வெறுமனே சாவியைப் போட்டுவிட்டு எர்த் இல்லை என்று பதறக் கூடாது, ஒருவர் செல்ஃப் அடிக்க இன்னொருவர் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளையும் கவனியுங்கள். லேசாகத் துடித்தால் இன்ஜின் சுற்றுவது கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரிகிறது என்று பல வண்டிகளில் எடுத்துக்கொள்ளலாம். செத்த மாதிரிக் கிடந்தால், இன்ஜின் சுற்றுவதை உணர்ந்து சொல்லும் கிராங்க் சென்சார் பக்கம் போங்கள். 85-ஆம் காலுக்குப் பெரிய பல்பு வைத்த லேம்ப் வேண்டாம், கண்ட்ரோல் யூனிட்டுக்குள் சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர் தாங்காமல் போகலாம். எல்இடி லேம்ப் போதும்.

அந்தத் துண்டு ஒயரைப் பற்றி ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து இதை வெட்டாமல் போடுங்கள். அது சோதிக்க மட்டும். வண்டி ஓடுகிறதே என்று அப்படியே விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். விபத்து நடந்து இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ரிலேயை அப்படி வைத்திருக்கிறார்கள். ஒயர் சொருகியிருந்தால் உடைந்த குழாய் வழியாகப் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

மீட்டரை நான் குறை சொல்லவில்லை. எதை அளக்கிறோம் என்று தெரிந்து அளக்க வேண்டும், அவ்வளவுதான். வோல்ட் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஒயரில் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு செம்பு இழை பாக்கி இருந்தாலும் அது 12 வோல்ட் என்றுதான் காட்டும், பல்பைப் போட்டால்தான் சாயம் வெளுக்கும். ஓம் மீட்டரும் அப்படித்தான். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள், இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையில் நூறில் ஒரு பங்கு ஓம் இருந்தாலே 1.5 வோல்ட் போய்விடும். சாதாரண மீட்டர் அதைப் பூஜ்யம் என்றுதான் சொல்லும். ஆகவே கரண்ட் ஓடும்போது அளக்க வேண்டும். ரிலேயிலும் இதேதான்: ஹெட்லைட் எரியும்போது 30-க்கும் 87-க்கும் நடுவே வோல்ட் பாருங்கள், 0.1 அல்லது 0.2-க்குள் இருந்தால் பாயிண்ட் சுத்தம். 1.5 வோல்ட் காட்டினால், 8 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் அது 12 வாட் சூடு. இண்டிகேட்டர் பல்பே 21 வாட்தான், அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு மூடிய டப்பாவுக்குள் நாள் முழுக்க. அந்த ரிலேயின் கால்கள் பழுப்பேறி, சாக்கெட் பிளாஸ்டிக் உருகியிருக்கும். ரிலேயை மட்டும் மாற்றி, சூட்டில் தளர்ந்துபோன சாக்கெட் டெர்மினலை விட்டுவிட்டால் புது ரிலேயும் அதே வழியில் போகும்.

ஹெட்லைட் மங்கல் என்று புலம்புகிறவர்களும் பல்பை மாற்றுவதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும். இழை பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுவது, ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுவது, இதெல்லாம் பேய் பிடித்த வண்டி இல்லை, எர்த் கெட்ட வண்டி.

ஃபியூஸ் பெட்டி. பழைய ஐரோப்பிய வண்டிகளில் இரண்டு முனையும் கூம்பாக இருக்கும் ஃபியூஸ்கள் இருக்கும், தகடு மாதிரி சொருகும் வகை 1970-களுக்குப் பிறகுதான் பரவியது. அந்தக் கூம்பு வகை, கம்பி அறுந்திருக்காது, முனையில் களிம்பு ஏறிக் கரண்ட் மட்டும் போகாது. விரலால் நாலு சுற்று உருட்டினாலே பாதி கோளாறு போய்விடும், பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு நிதானமாக ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் போடுவதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், ஆனால் இன்னமும் செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: அப்புறம் எரிவது ஒயர்.

கட்டுரையில் சொன்ன "எல்லாவற்றையும் ஒரே நாளில்" என்பதில் எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. பார்க்க ஒரே மாதிரி, நாலு கால், அதே அளவு. உள்ளே வேறு. சில வகை ரிலேக்களில் 30-ம் 86-ம் இடம் மாறியிருக்கும். சிலவற்றின் உள்ளே காயிலுக்குக் குறுக்கே, கரண்டை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு இருக்கும், காயில் அணையும்போது எழும் உயர்ந்த வோல்ட் கண்ட்ரோல் யூனிட்டைத் தாக்காமல் இருப்பதற்காக. அந்த ரிலேயை பிளஸ் மைனஸ் மாறும் இடத்தில் போட்டால் டயோடு ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும், அல்லது டயோடு போகும். டயோடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாததைப் போட்டால் அன்றைக்கு வண்டி நன்றாகத்தான் ஓடும், என்றைக்கோ ஒரு நாள் டிரான்சிஸ்டர் போகும், அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. பத்து ரிலேயை ஒரே நாளில் மாற்றி மறுநாள் புதிதாக ஒரு கோளாறு வந்தால் எதைச் சந்தேகப்படுவது? ஹாரன் ரிலேயைப் பிடுங்கிப் பம்புக்குப் போட்டுப் பார்ப்பதெல்லாம் தப்பில்லை, பாகத்தின் எண் ஒன்றாக இருந்தால்.

பேட்டரி இறங்குவதையும் ரிலேயோடு சேர்த்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து ஓடும் கரண்ட் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. பாயிண்ட் ஒட்டிப்போன ரிலே எதையாவது எரிய விடும், வழி தவறி வரும் கரண்ட் ஏதாவது ஒரு காயிலை இழுத்துப் பிடித்தபடி வைத்திருந்தால் அந்தக் காயில் ஒன்றே 40 ஆம்பியர் மணி பேட்டரியைப் பதினோரு நாளில் காலி செய்யும். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் ரிலேக்களைத் தொட்டுப் பாருங்கள், ஒன்று மட்டும் கதகதப்பாக இருக்கும்.

ஒயரிங் மாற்றுவது பற்றிக் கட்டுரையில் சொன்னதில் ஒரு பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஒயரை மெதுவாக வளைத்தால் மேல் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் உறை மிருதுவாக இருக்கும் ஒயரிங்கைக் கழற்றி எறிவது பாவம், அதில் நூறு இணைப்பு புதிதாகச் செய்ய வேண்டும், நூறிலும் தப்பு நடக்கலாம்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது ரிலேயின் அடிப்பக்கத்தைப் பெரிதாக ஒரு படம் போட்டு, 30, 85, 86, 87 நான்கும் எங்கே இருக்கின்றன, எதில் எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று குறித்துக் கொடுங்கள். ஐந்தாவது காலாக 87ஏ வரும் ரிலேயையும் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது, நடுவில் இருக்கும் அந்தக் காலில் ரிலே இழுக்காதபோதுதான் கரண்ட் வரும் என்பது தெரியாமல் குழம்புகிறவர்கள் நிறைய. படம் வந்தால் வெட்டி எடுத்து என் வண்டியின் ஃபியூஸ் பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
பழைய கார் வைத்திருக்கும் உங்கள் வாசகன்